கிட்னி நோயாளிக்கு மாதுளை கொண்டு போகாதீர்கள்



நோய் விசாரிக்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதது நம்ம ஊர்ப் பழக்கம். நல்லதுதான். ஆனால் கிட்னி பழுதானவர் வெளிறிப்போய் இருப்பதைக் கண்டு, "இரத்தம் ஊறும்" என்று மாதுளை, பீட்ரூட் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வில்கமுவ பக்கம் இந்த நோய் படுத்தும் பாடு நம் மாவட்டத்தாருக்குத் தெரியும்.

செங்குழியம் என்புமச்சையில் உருவாகிறது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். உருவாக்கச் சொல்லி மச்சையைத் தூண்டுவது எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோன். அதைப் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகம். அது பழுதானால் மச்சைக்குத் தூண்டுதல் குறையும். செங்குழியத்தின் ஆயுளோ சுமார் 120 நாள்தான். பழையது அழிய, ஈடுகட்டப் புதியது போதாது. இதை மாதுளை தீர்க்காது. மாறாக அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாது. அது கூடினால் இதயத் துடிப்பே குழம்பும்.

கிளினிக்கில் போடும் ஊசி இரத்தமும் அல்ல, சத்து ஊசியும் அல்ல. அந்த ஹோர்மோனேதான். 1977இல் சிகாகோவில் கோல்ட்வாசர் குழுவினர் 2,550 லீட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். (முகம் சுளிக்க வேண்டாம், இப்போது ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களில் தயாரிக்கிறார்கள்.)

"ஊசி போட்டும் முகம் தெளியவில்லையே" என்று ஒரு வாரத்தில் நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். பிரஷரும் ஏறலாம், அதனால் கிளினிக் தவறக் கூடாது. அடுத்த முறை விசாரிக்கப் போனால், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.