செவ்வந்திப் பாத்தியும் மாரி மழையும்

செவ்வந்தி எமது மண்ணுக்கு ஒவ்வாத செடி என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடம் உண்டு. முதலாம் ஆண்டு முற்றம் நிறையப் பூத்த செடி இரண்டாம் ஆண்டில் நலிந்து, மூன்றாம் ஆண்டிற் பட்டுப்போவதைக் கண்டவர் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆயினும் பழி மண்ணின் மேலதன்று. பூத்து முடிந்த பழஞ்செடியை அதே இடத்தில் விட்டுவைக்கும் வழக்கமே கேட்டுக்குக் காரணம்.

குளிர்நாடுகளில் உறைபனியைத் தாங்கி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இனங்களையே வன்மையான செவ்வந்தி என்பர். அந்நாட்டு நூல்கள் செடியை வைக்கோலால் மூடுமாறு கூறுவதும் பனிக்கு அஞ்சியே. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சிற்சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அப்பேச்சுக்கே இடமில்லை. இங்கு செடியின் வன்மையைச் சோதிப்பது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையாகும். வேரடியில் நீர் தேங்கினால் எவ்வளவு நல்ல இனமும் அழுகும். ஆகவே நிலமட்டத்திலிருந்து அரை அடியேனும் உயர்ந்த பாத்தியும், வடிகாலும் இன்றிச் செவ்வந்தி நடுவது வீண் வேலை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பகலின் நீளம் செடிகளின் பூப்பை ஆளுகின்றதென 1920 இல் அமெரிக்க ஆய்வாளரான கார்னர், அலாட் இருவரும் வெளியிட்டனர். செவ்வந்தி நீண்ட இரவில் மொட்டுக்கட்டும் செடி. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலும் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடமே. ஆதலால் ஆண்டு முழுவதும் இரவு அதற்குப் போதிய நீளமுடையது. விளைவு யாதெனில், செடி வளருமுன்னரே மொட்டுக்கட்டுகின்றது. சாண் உயரச் செடியில் இரண்டு பூவைக் கண்டு மகிழ்பவர் பின்னர் வரும் இருபது பூவை இழக்கின்றார். முதல் மொட்டுகளைக் கிள்ளியெறிய மனம் வராதவருக்கு இச்செடி பயன் தராது. வியாபாரத்திற்குச் செய்வோர் இளஞ்செடிகளுக்கு இரவில் மின்னொளி கொடுத்துப் பூப்பைத் தள்ளிவைப்பதும் இதனாலேயே. முற்றத்து விளக்கு இரவு முழுவதும் எரியுமிடத்தில் நட்ட செடி பூக்கத் தாமதித்தால் வியக்க வேண்டியதில்லை.

மாசியிற் பூ முடிந்தவுடன் தண்டுகளை நாலைந்து அங்குலம் விட்டு வெட்டுக. அடியிலிருந்து எழும் கன்றுகளுள் வெளிப்புறத்தவற்றை வேருடன் பிரித்து, கிணற்றடியின் அரைநிழலில் வேறிடத்தில் நட்டு, கோடை முழுவதும் ஈரங்காக்க வேண்டும். மரத்துப்போன நடுக்கட்டையை வீசிவிடலாம். அதன்மேல் இரக்கம் வேண்டாம். ஆவணியில் இக்கன்றுகளின் நுனிகளை மூன்றங்குல நீளத்தில் வெட்டி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். மக்கிய மாட்டெரு இட்ட உயர்பாத்தியில் ஓரடி இடைவெளியில், மழைக்கு முன்னரே நடுதல் நன்று. ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுக. கிளைகள் நீண்டபின் மற்றொருமுறை கிள்ளி நிறுத்துக. அழுக்கணவன் குருத்திற் கூடினால் நீரை விசையுடன் தெளித்துக் கழுவுதல் முதற்பரிகாரம். இலையின் மேற்புறத்தில் மங்கிய மஞ்சட் புள்ளியும் கீழ்ப்புறத்தில் வெளிறிய கொப்புளமும் தோன்றின், அது துரு நோயாகலாம். அவ்விலைகளைப் பறித்து எரித்துவிட வேண்டும். அவற்றைக் கூட்டெருவிற் சேர்த்தலாகாது.

வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இறைக்கும் நீரைப் பூவிற்குப் பங்கிடுவதா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. வெங்காயத் தறையை அழித்துச் செவ்வந்தி செய்யுமாறு எவரும் கூறார். திருவிழா நாளில் ஏறும் பூவின் விலை மறுநாளே விழும், வாடிய பூவை வைத்திருந்து விற்கவும் இயலாது. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் பத்தடி நீளமும் மூன்றடி அகலமுமான ஒரு பாத்தி, தறைக்கு ஓடும் நீரின் கசிவிலேயே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அப்பாத்தியின் பூவும் அதனால் வரும் காசும் வீட்டுப் பெண்களின் கையிலேயே இருத்தல் நன்று; கன்று பிரிக்கும் வேலையைத் தவறவிடாமற் செய்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.