கார்புரேட்டர் இனி எதற்கு?



"கார்புரேட்டரா? அது செத்த பாடம்லே. பரீட்சைக்கு முந்தின நாள் படத்தை வரைஞ்சு பாத்துக்கிட்டா போதும்." நம் வகுப்பில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. நானும் சொன்னவன்தான். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது மோட்டார் சைக்கிளில்கூட பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று எனக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய அம்பாசடர்.

என் அப்பா வண்ணார்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். போன விடுமுறையில் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் தன் பெட்ரோல் அம்பாசடரைக் கொண்டுவந்தார். வண்டி நிற்கும்போது முதல் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று பல் அரைக்கிற சத்தம். வேறொரு இடத்தில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் சும்மா இருப்பேனா? "ஆமா அண்ணாச்சி, உள்ளே பல்லு தேஞ்சிருக்கும். இறக்கத்தான் வேணும்" என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டேன். படித்த பையன் சொல்கிறானே என்று அவர் முகம் வாடிப் போயிற்று. இறக்கினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து, திருப்புளியால் கார்புரேட்டரின் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். இன்ஜின் ஓட்டம் இறங்கியது. "இப்ப கியரைப் போடுலே" என்றார். சத்தமே இல்லை! ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறி அணைந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது முதல்ல எங்க வச்சு ஆஃப் ஆச்சு?"

அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைப்பாதையில், வளைவில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கக் கிளச்சை மிதித்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. வண்டி பின்னால் உருள, குடும்பமே அலறியிருக்கிறது. அதற்கு வைத்தியமாக யாரோ ஐடிலிங்கைக் கூட்டிவிட்டார்கள். அணைவது நின்றது, அரைக்கிற சத்தம் ஆரம்பித்தது. இந்தப் பழைய கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. இன்ஜின் வேகமாக ஓடினால், கிளச்சை மிதித்த பிறகும் உள்ளே ஷாஃப்ட் சுற்றி ஓய நேரமாகும். அதற்குள் போட்டால் பல் அரைக்காமல் என்ன செய்யும்? ஆக, ஒரு நோயை மறைக்கப் போய் இன்னொரு நோய்.

சரி, முதல் நோய் எது? அப்பா உடனே கார்புரேட்டரில் கை வைக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா என்று அளந்தார். கிளச் பெடலின் ஃப்ரீ பிளேயைப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஐடிலிங்கை மறுபடி கொஞ்சம் ஏற்றி இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடியில் சுற்றிலும் எண்ணெய்க் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மூலையில் விட்டதும் இன்ஜின் ஓட்டம் மாறியது. அங்கே நட்டு தளர்ந்து, பேக்கிங் காய்ந்து போயிருந்தது. காற்று இழுக்கிறது!

புதுப் பேக்கிங் போட்டு நட்டுகளைச் சமமாக முடுக்கினார். இன்ஜின் சூடான பிறகு, சோக்கை முழுக்கத் தள்ளிவிட்டு, மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி ஓட்டம் சீராகி உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தினார். பிறகு ஐடிலிங்கைக் குறைத்தார். மறுபடி மிக்சர், மறுபடி ஐடிலிங். வேலை முடிந்தது. கியர் பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் நண்பர்களே, கதை அதோடு முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "சம ரோட்டுல நல்லா ஓடுதே, காலை எடுத்தா மட்டும் ஏன்ல அணையுது? இத்தனை வருஷம் பாக்கேன், ஏன்னு தெரியல."

அது எனக்குத் தெரியும்! ஆக்சிலேட்டரை விட்டால் த்ராட்டில் மூடி, உள்ளே வெற்றிடம் கூடும். அப்போது இன்ஜினுக்குப் போகும் காற்றே கொஞ்சந்தான். அதில் ஓட்டை வழியே வருவது பெரிய பங்கு. கலவையில் பெட்ரோல் குறைந்து போகும். த்ராட்டில் திறந்திருந்தால் காற்று நிறையப் போவதால் அந்தக் கசிவு கணக்கிலேயே வராது. சோற்றுத் தட்டில் விரலால் கோடு போட்டுச் சொன்னேன். அப்பா கை காய்ந்து போகும்வரை கேட்டார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். மறுநாள் வேறொரு வண்டிக்காரரிடம் அதையே தன் பாஷையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வழி தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது, வழி தெரியவில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? நம் லேபில் கார்புரேட்டரை நெடுக்காக வெட்டி, சிவப்பும் மஞ்சளும் பூசி வைத்திருக்கிறோம். அது என்றைக்காவது மூச்சு வாங்கியிருக்கிறதா? வெட்டிய கார்புரேட்டரில் எங்கே போய்க் காற்றுக் கசிவைத் தேடுவது?

கார்புரேட்டர் போய்விட்டது, சரி. நாளைக்கு சென்சார் கெடும், கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் காட்டும். எண் காட்டிய பாகத்தைக் கழற்றி எறிந்து புதிதை மாட்டுகிறவன், அன்றைக்கு கியர் பாக்ஸை இறக்கச் சொன்ன என்னைப் போன்றவன்தான். முதலில் கேள், பிறகு அள, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இந்தப் பழக்கத்தைப் படிக்க, கையால் தொட்டுக் காதால் கேட்கக்கூடிய பழைய இன்ஜினைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. லேபில் ஒரு பழைய பெட்ரோல் இன்ஜினாவது ஓடும் நிலையில் இருக்க, அதில் வேண்டுமென்றே பழுது வைத்து நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்ல, நிர்வாகத்திடம் கேட்போம். மாதம் ஒரு நாள், ஊரில் உள்ள மெக்கானிக் ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். அவர் காட்டட்டும், காரணத்தை நாம் சொல்வோம்.

முதலில் யாரைக் கூப்பிடலாம் என்று தேட வேண்டாம். விலாசம் என்னிடம் இருக்கிறது.

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்