சாக வயது கேட்காதவர்கள், ஆள மட்டும் வயது கேட்கிறார்கள்

போன மாதம் எங்கள் நகராட்சியில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வார்டு கவுன்சிலர் இருபத்தைந்து வயதுப் பெண், பி.காம். படித்தவர். கையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வால்வைத் திறந்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லையே என்று ஒருவர் கேட்டார். “முக்குல இருக்கற வால்வு பாதிதானுங்க திறக்குது. மாத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கறேன்” என்று அந்தப் பெண் நோட்டைப் புரட்டினார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் குறுக்கே புகுந்தார். “அம்மிணி, நீ சின்னப்புள்ள. உனக்கு இதெல்லாம் தெரியாது. உங்க ஊட்டுக்காரரை வரச் சொல்லு, நாங்க பேசிக்கறோம்.”

மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பெண்களும்தான். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு எங்கள் வார்டில் எத்தனை வால்வு இருக்கிறது என்று தெரியுமா? கவுன்சிலரின் கணவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். மேட்டுத் தெருக் குழாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆள் எதிரே நிற்கிறாள், நோட்டோடு நிற்கிறாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தெரியாத ஆளைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். இதற்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர் அனுபவம்.

எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுதான். பெண் பிள்ளைக்கு வயசு பத்தாது, உலகம் தெரியாது, பின்னால் இருந்து யாரோ ஆட்டுவிக்கிறார்கள்! படித்தவரும் சொல்கிறார், படிக்காதவரும் சொல்கிறார். மேடையில் பெண்ணியம் பேசுகிறவர் கீழே இறங்கியதும் சொல்கிறார். இவர்கள் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வள்ளியம்மைக்கு என்ன வயது?

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. தீபாவளிக்குப் பட்டெடுக்க அங்கே போகிறவர்கள் தலைநிமிர்ந்து அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள். வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தமிழ்ப் பெண். 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கிருந்த நம் பெண்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிப் போனார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் தலைக்கு மூன்று பவுண்டு வரி வேறு கட்ட வேண்டியிருந்தது. எதிர்த்து ஆண்கள் மட்டும் கிளம்பவில்லை. டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டித் தமிழ்ப் பெண்கள் நடந்தார்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது. அந்தப் போராட்டத்தில் தாயோடு சேர்ந்து சிறைக்குப் போனவர் வள்ளியம்மை. மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். படுக்கையில் கிடந்தபோதும் இன்னொரு முறை சிறை போகத் தயார் என்று அவர் சொன்னதைக் காந்தி எழுதி வைத்திருக்கிறார். அதே ஆண்டு மூன்று பவுண்டு வரியும் போனது, நம் திருமணங்களும் செல்லும் என்றானது.

வள்ளியம்மைக்கு வயது பதினாறு.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணிடம் போய் ‘அப்பாவை வரச் சொல்லு, பேசிக்கிறோம்’ என்று எவராவது சொன்னாரா? ‘உலகம் தெரியாத வயசு, சிறைக்கெல்லாம் போகக் கூடாது’ என்று தடுத்தாரா? சாகும்வரை தடுக்கவில்லை. செத்த பிறகு சிலை வைத்தோம், தபால் தலை போட்டோம், மாளிகைக்குப் பெயர் சூட்டினோம். தியாகம் என்றால் நம் ஆட்களுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. அதே பெண் உயிரோடு திரும்பி வந்து, சங்கத்துக்குத் தலைவியாக நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால் அப்போது கேட்டிருப்பார்கள் வயதை.

கல்யாணத்துக்கு மட்டும் வயது பத்திவிடுகிறதே, அது எப்படி? பத்தொன்பது வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்புகிறோம். மாமனார் மருந்து, மாமியார் கோபம், குழந்தை, கடன், சீட்டு, ரேஷன் எல்லாம் அவள் தலையில். அன்றைக்கு அனுபவம் என்ன என்று எந்தப் பெரியவரும் கேட்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சட்டம் வைத்த வயது இருபத்தொன்று. குடும்பம் நடத்தப் பத்தொன்பது போதும், குழாய் வால்வு மாற்ற இருபத்தைந்து பத்தாது என்றால் அதைப் பேச்சு என்று மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

பையன்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது என்பதையும் பாருங்கள். தலைவர் மகன் இருபத்தைந்து வயதில் மேடை ஏறினால் இளஞ்சிங்கம், எதிர்காலம், வருங்காலம். ஃபிளெக்ஸ் போர்டில் அவன் முகம் ஊர் முழுக்க. அவன் என்ன செய்தான் என்று கேட்க ஆள் இல்லை. பெண் ஏறினால் ‘யாரோட ஆளு?’ என்றுதான் முதல் கேள்வி வரும்.

பின்னால் இருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஊராட்சிகளில் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்காருவது உண்மைதான். உட்கார வைத்தது யார்? சந்தேகம் கேட்கக் கணவரின் செல்போனுக்கு அடிக்கும் அதிகாரி. கணவரிடம் மட்டும் பேரம் பேசும் ஒப்பந்தக்காரர். ‘தலைவர் வந்துட்டாரு’ என்று அந்தக் கணவருக்கு எழுந்து நிற்கும் நாம். ஆக்கிரமித்தவனை எழுப்பாமல், இடம் பறிபோனவளைப் பொம்மை என்று ஏசுகிறோம். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவர் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். தலைவர் பட்டியல் சாதிப் பெண், துணைத் தலைவர் ஆதிக்கச் சாதி ஆண் என்றால் அந்த இரண்டாவது கையெழுத்தை வாங்க அந்தப் பெண் எத்தனை முறை நடக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள், மற்றவர்கள் நாற்காலியில். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு மாவட்ட ஆட்சியர் வந்துதான் அவர் கொடியேற்ற முடிந்தது. இருவரும் பட்டியல் சாதிப் பெண்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, பெண்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று தீர்ப்பும் சொல்கிறார்கள்.

வள்ளியம்மையை யார் ஆட்டுவித்தார்கள்? காந்தி என்பீர்கள். நியூகாசில் தொழிலாளிகளிடம் முதலில் போய்ப் பேசியது காந்தி இல்லை, பெண்கள்.

ஒருத்திதானா என்று கேட்பார்கள். 1943இல் சிங்கப்பூரில் ராணி ஜான்சி படைக்குத் தலைமை ஏற்றபோது கேப்டன் லட்சுமிக்கு இருபத்தெட்டு. சென்னையில் மருத்துவம் படித்தவர். அவருக்குக் கீழே துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழ்ப் பெண்கள், பதின்வயதினரும் உண்டு. கோலாலம்பூர் ஜானகி பதினெட்டு வயதில் அந்தப் படையில் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். 1946இல் மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் திருவனந்தபுரத்துக்குப் போங்கள். 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் அந்த மாநகரின் மேயர் ஆனபோது வயது இருபத்தொன்று, கல்லூரி மாணவி. 2022 மார்ச்சில் பிரியா ராஜன் சென்னை மேயரானபோது இருபத்தெட்டு. 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு அவர்தான் முதல் பட்டியல் சாதிப் பெண் மேயர். முந்நூற்று முப்பத்து நான்கு ஆண்டு அனுபவசாலிகளே ஆண்டார்கள். மழை பெய்தால் சென்னையில் தண்ணீர் தேங்காமலா இருந்தது?

அரசியலோடு இது நிற்பதில்லை. அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் பெண் டாக்டர் ஊசி போட்டு, மூச்சைச் சீராக்கி, நோயாளியைப் பிழைக்க வைத்த பிறகு, உறவினர் அவரிடமே கேட்கிறார்: “சிஸ்டர், பெரிய டாக்டர் எப்போ வருவார்?” வழக்குக்குத் தூக்கமில்லாமல் குறிப்பெடுத்த ஜூனியர் வக்கீல் பெண்ணை வைத்துக்கொண்டே, ‘சார் வரட்டும்’ என்று கட்சிக்காரர் வாயை மூடிக்கொள்கிறார். நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்று இருக்காது. அதைக் கேட்டு மனு எழுதும் இளம் பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்று பட்டம். பேசாமல் இருந்தால் பொம்மை, பேசினால் வாயாடி. மூன்றாவதாக ஒரு வழியை யாராவது அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?

இந்தப் பேச்சினால் லாபம் அடைகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட தமிழகச் சட்டமன்றத்துக்குப் பெண்கள் 12 பேர்தான் வந்தார்கள். எல்லாக் கட்சிக்கும் மகளிர் அணி உண்டு. கோலம் போட, ஆரத்தி எடுக்க, கூட்டத்தில் முன்வரிசையை நிரப்ப உண்டு. சீட்டுக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் ‘வெற்றி வாய்ப்புள்ள வேட்பாளர்’ தேடுகிறார்கள், அந்த வேட்பாளர் எப்போதும் ஆணாகவே கிடைக்கிறார். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023இல் சட்டம் நிறைவேற்றினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள்.

மாவட்டச் செயலாளர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குச் சட்டப்படி ஒதுக்கியாயிற்று. அதை நீங்கள் கொடுத்ததாகக் கணக்குக் காட்டாதீர்கள். ஒதுக்கீடு இல்லாத பொது வார்டில், உங்கள் கட்சி ஜெயிக்கும் என்று தெரிந்த வார்டில், எந்தத் தலைவருக்கும் மகளோ மனைவியோ அல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நிறுத்துங்கள். அடுத்த தேர்தலிலேயே நிறுத்துங்கள்.