விலைக்கு வரும் விடைகள்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் படிக்கும் தமிழர்கள் ஏராளம். பீன்யா ஆலைகளிலும், சிவாஜி நகர்க் கடைகளிலும், அலுவலக மேஜைகளிலும் பகலைக் கழித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கிறவர்கள் அவர்கள். பட்டம் இல்லாததால் பதவி உயர்வு நின்றுபோனவர்கள் அவர்களில் பலர். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1996இல் மைசூரில் தோன்றிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகையவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்தன. அந்தக் கதவுக்கு வெளியே இன்று ஒரு வியாபாரம் நடக்கிறது.

ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டிலிருந்தே விடை எழுதித் தர வேண்டிய வினாக்கள் உண்டு. ஒப்படைப்பு என்று அவற்றுக்குப் பெயர். இவற்றுக்கு ஆயத்த விடைகள் விற்கின்றன. பணம் கட்டினால் கைபேசிக்கு விடை வருகிறது. கையால்தான் எழுதித் தர வேண்டும் என்று விதி இருப்பதால், சற்று அதிகம் கொடுத்தால் எழுதியே தருகிறவர்களும் இருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் பணமும் தேவைப்படுவதில்லை. வினாவைத் தட்டினால் விடை கொட்டுகிறது.

இதில் மாணவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து இங்கு வந்தவருக்கு, தேசியப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைக்கின்றன. மைசூரில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்புக்காக மாநிலத்துக்கு வெளியே கல்வி மையம் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடம் தருவதில்லை. எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்து, பழகாத மொழியில் பத்துப் பக்கம் எழுத உட்காருகிறவருக்கு ஆயத்த விடை ஆசை காட்டுவதில் வியப்பு என்ன?

ஆனால் கணக்கைப் பார்த்தால் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான். தேசியப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புக்கு நூற்றுக்கு 30, தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். வாங்கிய விடை அந்த 30இல் நல்ல மதிப்பெண் பெற்றுத் தரலாம். 70க்கு அது உதவாது. தேர்வு மண்டபத்தில் அதே மாதிரி வினா வரும்போது, எழுதிப் பழகாத கை நின்றுவிடுகிறது. அப்புறம் மறுதேர்வுக் கட்டணம், இன்னொரு நாள் விடுப்பு, இன்னும் ஓர் ஆறு மாதம். மாதச் சம்பளக்காரருக்கு இவை சிறிய செலவல்ல.

இந்த வினாக்கள் வெளியில் தோன்றும் அளவுக்குப் பயங்கரமானவை அல்ல. வினாவின் கடைசிச் சொல்லைப் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ‘விளக்குக’ என்றால் நடந்தது எப்படி என்று சொன்னால் போதும். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டு பொருள்களையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காட்ட வேண்டும். ‘ஆராய்க’ என்றால் சாதகம், பாதகம் இரண்டையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆராயச் சொன்ன இடத்தில் விளக்கிவிட்டு வருவதால் போகும் மதிப்பெண் கொஞ்சமல்ல.

பாடத்துக்குப் பாடம் முறை மாறும். 1991ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். அந்நியச் செலாவணி கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை, தங்கம் வெளிநாட்டில் அடகுபோனது, ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு உரிம முறை ரத்தானது ஆகியவை எல்லா ஆயத்த விடைகளிலும் இருக்கும். சீர்திருத்தத்தின் மறுபக்கத்தைப் பெங்களூர்த் தொழிலாளி தானே பார்த்திருக்கிறார். 1961இல் இந்நகரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. அதற்குச் சந்தைப் போட்டி எவ்வளவு காரணம், நிர்வாகம் எவ்வளவு காரணம் என்று ஒரு பத்தி எழுதினால், அதுதான் ஆராய்ச்சி.

வரலாற்றிலும் அப்படியே. அந்நியர் ஆட்சியில் தொழிலாளர் நிலை பற்றிக் கேட்டால், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவருக்கு வேறு புத்தகம் எதற்கு? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி நுழைந்தது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது, 2001இல் சுரங்கம் மூடப்பட்டது என்று ஆண்டுகளைச் சரிபார்த்து வைத்துக்கொண்டால், மீதியைப் பாட்டனாரின் கதையே சொல்லும்.

கணக்கியலில் கதைக்கு இடமில்லை, படிதான் முக்கியம். மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரலில் கொடுக்கும் நிறுவனத்தில், மார்ச் 31 கணக்கில் அந்தத் தொகை இலாப நட்டக் கணக்கில் செலவாகவும், ஐந்தொகையில் கொடுக்க வேண்டிய பொறுப்பாகவும் இரண்டு இடங்களில் ஏறும். அலுவலகத்தில் நாள்தோறும் இதைச் செய்கிற குமாஸ்தா, ஒப்படைப்பில் இதற்கு விடையை விலைக்கு வாங்குவது வேடிக்கைதான். புள்ளியியலும் அச்சமூட்ட வேண்டியதில்லை. ஒன்பது பேருக்கு மாதம் 18,000 ரூபாய், மேலாளருக்கு 1,18,000 ரூபாய் என்றால் பத்துப் பேரின் சராசரி 28,000. இடைநிலை அளவோ 18,000. சராசரி எங்கே ஏமாற்றும் என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்தவர் உடனே புரிந்துகொள்வார்.

மொழித் தொல்லைக்கும் வழி உண்டு. முதலில் தமிழில் குறிப்பெடுத்து வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதலாம். இரவல் அலங்காரத்தைவிட எளிய வாக்கியம் திருத்துகிறவருக்கும் எளிது.

திருத்துகிறவர்களுக்கும் கடமை இருக்கிறது. வகுப்பறை இல்லாத படிப்பில், விடைத்தாளின் ஓரத்தில் எழுதும் இரண்டு வரிதான் ஆசிரியரின் குரல். வெறும் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுத் தாளை மையத்திலேயே அடுக்கி வைத்தால், வாங்கிய விடைக்கும் உழைத்த விடைக்கும் வித்தியாசம் எங்கே? குறிப்புரையுடன் தாள்கள் உரிய காலத்தில் மாணவர் கைக்குத் திரும்ப வர வேண்டும். ஆலோசனை வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமையில் தவறாமல் நடக்க வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கும் பிற தமிழ் அமைப்புகளிலும் ஞாயிறு பிற்பகல் ஓர் அறையை ஒதுக்கினால், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கணக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவரும் வந்து உட்கார்ந்தால் போதும். ஜூன் தேர்வானாலும் டிசம்பர் தேர்வானாலும், ஒப்படைப்புக்குக் கடைசி நாள் வருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே அதைத் தொடங்கிவிட வேண்டும்.