தோளில் வந்த கட்டி



"உடம்பில் கட்டி ஏதும் கண்டால் ஒளித்து வைக்காதீர்கள், உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இம்முறை ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அப்படி எழுதிய நானே, இருபத்தைந்து வருடம் தாதியாக வேலை செய்த நானே, எனது தோளில் வந்த கட்டியை இரண்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலில் கண்டபோது அது ஒரு புளியங்கொட்டை அளவுதான். குளிக்கும்போது இடது தோளின் பின்பக்கத்தில் கையில் தட்டுப்பட்டது. நோ இல்லை. அமத்தினால் மெத்தென்று இருந்தது. நல்லெண்ணெய் பூசி உருவினேன். கரையவில்லை. மெல்ல மெல்ல வளர்ந்து, கடைசியில் சட்டை தோளில் இறுக்கத் தொடங்கியது.

ஏன் ஒளித்தேன்? இரண்டு பயம். 2009 இல் மாத்தளனில் செல் விழுந்தபோது எனது இடுப்பில் ஒரு துண்டு ஏறியது. அதை எடுக்கவில்லை, இன்றும் உள்ளேயே இருக்கிறது. தோளிலும் ஒன்று கிடந்து இப்போது வெளியே வருகிறதோ என்று நினைத்தேன். மற்றது, உங்கள் எல்லாருக்கும் உள்ள பயம்தான். புற்றுநோய் என்று சொல்லிவிட்டால்? தகப்பன் இல்லாத பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஒருநாள் தலை இழுத்துவிடும்போது மகள் கண்டுவிட்டாள். "எங்களுக்கு நீங்கள் ஒரு ஆள்தானே அம்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் காலையில் இருவரும் பஸ் ஏறினோம்.

சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் கேள்விகள்தான் கேட்டார். எப்போது கண்டீர்கள்? எவ்வளவு வேகமாக வளர்ந்தது? நோகிறதா? உடம்பு மெலிந்ததா? வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டா? பிறகு கையால் தொட்டுப் பார்த்தார்.

கட்டிகளில் மிகச் சாதாரணமானது கொழுப்புக்கட்டி. வைத்தியர்கள் அதை லிப்போமா என்பார்கள். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு. நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில்தான் அதிகம் காணப்படும். கழுத்து, தோள், முதுகு, கை, தொடை ஆகிய இடங்களில் தோலுக்குக் கீழே வரும். பிசைந்த மா போல மெத்தென்று இருக்கும். ஓரத்தை விரலால் அமத்தினால் வழுக்கி விலகும். பெரும்பாலும் ஐந்து சென்ரிமீற்றருக்குள் நிற்கும். உடம்பு மெலிந்தாலும் அது மெலியாது. எண்ணெய்க்கும் பத்துக்கும் கரையாது. இது புற்றுநோய் அல்ல. அது புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அரிது.

ஆனால் மெத்தென்ற கட்டி எல்லாம் லிப்போமா அல்ல. நடுவில் கரும்புள்ளி போல ஒரு சிறு துவாரம் இருந்து, அமத்தினால் மணக்கும் வெள்ளைப் பசை வந்தால் அது தோலில் உண்டாகும் வேறொரு பை. செல் துண்டைச் சுற்றி உடம்பே கட்டும் முடிச்சு பொதுவாகக் கட்டியாக இருக்கும். இவற்றை நாமாக முடிவு செய்ய முடியாது.

எனது கட்டி ஏழு சென்ரிமீற்றர். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது அது அசையாமல் நின்றது. தோலுக்குக் கீழே அல்ல, தசைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். "லிப்போமா போலத்தான் இருக்கிறது. ஆனால் பெரிது, ஆழத்தில் இருக்கிறது. பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்" என்றார் வைத்தியர். கொழுப்பில் உண்டாகும் புற்றுநோய் ஒன்றும் உண்டு, அது அரிது. அதன் பெயர் லிப்போசார்க்கோமா. அது பெரிதாக, ஆழத்தில் வருவதே வழக்கம் என்பதால்தான் அந்தக் கவனம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ ஸ்கானுக்கு எழுதினார்கள். சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்த அறை வாசலில் ஒரு தங்கச்சி படிவத்தோடு வந்து, "அன்ரி, உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டா. தோளைப் பற்றிய யோசனையில் இருந்த நான் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள்தான், "அம்மா, இடுப்பில் செல் துண்டு இருக்கெல்லோ?" என்றாள்.

எம்.ஆர்.ஐ என்பது பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது இழுபடலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ, மூளைக்குள்ளோ, பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ இருந்தால் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து. எங்கே பட்டது என்று மறந்தாலும், காயப்பட்டது மறந்தாலும், "நான் செல் விழுந்த இடத்தில் இருந்தவள்" என்று சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். துண்டு இருக்கும் இடத்தைப் பொறுத்து ஸ்கான் செய்யலாமா என்று முடிவெடுப்பார்கள். எனக்கு அதற்குப் பதிலாக சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். கட்டி முழுவதும் ஒரே சீரான கொழுப்பாகத் தெரிந்தது. எடுத்துச் சோதிப்போம் என்றார்கள்.

"கத்தி பட்டால் பரவும்" என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்பி எத்தனை பெண்கள் காலம் கடத்தினார்கள் என்று நான் வாட்டில் கண்டிருக்கிறேன். அது சரியல்ல. எடுத்துப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

எடுத்த கட்டியை ஒரு போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அந்த வேலையில் கொழுப்புக் கரைந்து போய்விடும். அதனால் நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது லிப்போமா வெறும் வலை போலத் தெரியும். ஒவ்வொரு கண்ணும் ஒரு கொழுப்புக் கலம். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, கரு ஓரத்தில் சிறிதாக ஒதுங்கியிருக்கும். புற்றுநோயானால் கலங்கள் சிறிதும் பெரிதுமாக இருக்கும்; கருக்கள் பருத்துக் கறுத்துத் தெரியும். அதிலும் சந்தேகம் வந்தால் பரம்பரையலகைச் சோதிக்கும் பரிசோதனையும் உண்டு.

முடிவு வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான் நித்திரை கொள்ளவில்லை. "தசைக்குள் உண்டான லிப்போமா. புற்றுநோய்க் கலங்கள் இல்லை" என்று வந்தது. அந்தக் காகிதத்தை மகள் இரண்டு முறை வாசித்தாள். இந்த மூன்று கிழமைக்குப் பயந்துதான் இரண்டு வருடம் பயந்தேன்.

எனக்கு நல்லபடி முடிந்தது என்பதற்காக உங்கள் கட்டியும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது, வேகமாக வளர்வது, கடினமானது, அசையாதது, நோவது, எடுத்த பிறகு திரும்ப வந்தது – இவற்றில் ஒன்று இருந்தாலும் பிந்த வேண்டாம். மார்பிலோ, அக்குளிலோ, கழுத்திலோ வந்த கட்டி எவ்வளவு சிறிதென்றாலும் காட்டுங்கள். ஆசுபத்திரிக்குப் போகக் கூச்சமென்றால் முதலில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் வழி சொல்லுவார். அரச ஆசுபத்திரியில் இதற்குக் காசு இல்லை.

கடைசியாக ஒன்று. கட்டியை எடுத்தால், "சோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவு எப்போது வரும்?" என்று கேளுங்கள். கேட்பது பிழையில்லை. அந்த முடிவையும், செல் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரேயையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். இடம்பெயர்வில் எங்கள் காகிதமெல்லாம் போய்விட்டது. இனி வருவதையாவது பத்திரப்படுத்துவோம். பை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். என் மகளுக்குத் தெரியும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா