காசில்லாத சந்தோஷம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு கலியாணத்துக்காகத் தேனிக்குப் போயிருந்தேன். போன இடத்தில் சும்மா இருக்க விடுவார்களா? ‘கதை எழுதுகிறவர் வந்திருக்கிறார்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, மறுநாள் மாலை ஒரு கூட்டத்தின் முன் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல வேளையாக என்னைப் பேசச் சொல்லவில்லை. பேசுவதற்கென்றே வெளியூரிலிருந்து ஒரு அன்பர் வந்திருந்தார். வாழ்க்கையை எப்படி வாழ வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று சொல்லித் தருகிறவர். அன்றைய தலைப்பு, ‘சின்னச் சின்ன சந்தோஷங்கள்’.

நன்றாகத்தான் பேசினார். “விடியற்காலையில் ஒரு வாய்க் காப்பி. ஜன்னலில் வந்து உட்காரும் குருவி. எதிர்பாராமல் பெய்யும் ஒரு தூறல். ரயிலில் கிடைக்கும் ஜன்னல் ஓரத்து இடம். இவற்றுக்கெல்லாம் காசு வேண்டுமா? வேண்டாம். இவற்றை யாராவது உங்களுக்குக் கொடுக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். மனம் ஒன்று இருந்தால் போதும்!” என்று திருவாய் மலர்ந்தருளினார். கூட்டம் கை தட்டியது. பொய் சொல்வானேன், நானும் தட்டினேன்.

என் பக்கத்து நாற்காலியில் கம்பத்துப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். தோளில் வெள்ளைத் துண்டு. அவர் கை தட்டவில்லை. என் காதருகே குனிந்து, “காசு வேணாம்தாங்கய்யா. தண்ணி வேணும்ல?” என்றார்.

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சின்ன சந்தோஷ உபதேசத்தை எங்கே கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை இங்கே கொஞ்சம் கொட்டித் தீர்த்துக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

பெரியவர் சொன்ன தண்ணீர் எது என்பது அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அணையில் போதிய இருப்பு உள்ள ஆண்டுகளில், ஜூன் மாதம் முதல் தேதி, தேக்கடியில் உள்ள தலைமதகைத் திறந்து கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்காக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை விடுவார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர். விநாடிக்கு 300 கன அடி தண்ணீர். அதில் 200 பாசனத்துக்கு, 100 குடிக்க. மதகு திறக்கும்போது தண்ணீரின் மேல் பூவைத் தூவுவார்கள். மந்திரிமார் வருவதும், படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் போன பிறகு நடப்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு வாய்க்காலின் தலைப்பில் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். பேச்சு இருக்காது. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வரும். அதைப் பார்த்ததும் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி நிற்பார். அவ்வளவுதான். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தோஷம் என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

நம் பிரசங்கியார் இதைக் கண்டிருந்தால் உடனே தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருப்பார். குருவி, தூறல், காப்பி, வாய்க்கால் தண்ணீர்! சின்னச் சந்தோஷம்! காசில்லாத சந்தோஷம்!

காசில்லாததா? மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஓர் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டதால் வந்த தண்ணீர் அது. தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை மக்கள் செத்து விழுந்த பிறகும் பத்து வருஷம் காகிதத்தில் கிடந்து, 1886ஆம் ஆண்டு அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு ஒப்பந்தம் எழுதி, 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் முடிந்த காரியம். நடுவில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினார்கள். கர்னல் பென்னிகுவிக் தம் சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்று பள்ளத்தாக்கில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று சரித்திரக்காரர்கள் மறுப்பார்கள். சொத்தை விற்றாரோ இல்லையோ, வேலையை விட்டு ஓடவில்லை. எனக்கு அது போதும். பாலார்பட்டியில் ஒவ்வொரு தை மாதமும் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்களே, அவர்களுக்கும் அது போதும். ஆனால் பென்னிகுவிக்குக்குப் பெயர் இருக்கிறது, லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அந்தக் காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, மலைக் காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் நூற்றுக்கணக்கில் மாண்டுபோன கூலிக்காரர்களுக்கு அணைக்குப் பக்கத்தில் புதைகுழிகள்தாம் இருக்கின்றன. வாய்க்காலில் கால் நனைக்கிற அந்த ஒரு நிமிஷ இன்பத்துக்கு இவ்வளவு பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். ‘மனம் ஒன்று இருந்தால் போதும்’ என்கிறார் இவர்!

கொடுத்தது அந்தக் காலத்தோடு முடிந்துபோகவும் இல்லை. மதகுக்கு எண்ணெய் போட வேண்டும். கால்வாயில் மண் எடுக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கரையில் உடைப்பு என்றால் லஸ்கர் விளக்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இத்தனை பேர் தம் தம் வேலையைச் சரியாகச் செய்தால்தான் ஜூன் முதல் தேதி என்று ஒன்று வரும். செய்தாலும் மழை பொய்த்துவிட்டால் வராது. ஜூன் தள்ளிப்போய் ஜூலையாகும், ஜூலையும் தாண்டும். முதல் போகம் தள்ளினால், கதிர் அறுக்கிற நேரத்தில் ஐப்பசி அடைமழை வந்து நெல்லைச் சாய்க்கும். அதன் பின்னால் இரண்டாம் போகமும் தள்ளும். விதை நெல்லை மூட்டையில் வைத்துக்கொண்டு காய்ந்த நாற்றங்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய், ‘பெரியவரே, ஜன்னலில் குருவியைப் பாருங்கள்’ என்று சொல்வது அறிவுரையா, பரிகாசமா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. 1979இல் அணையின் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டபோது, முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த பள்ளத்தாக்கு மகிழ்ந்து கொண்டாடியது. ஆறு அடி! ஓர் ஆள் உயரம். அதை வேடிக்கையாகப் பேசிய பட்டணத்துக்காரர்களை நான் அறிவேன். சிரிக்கட்டும். ஆனால் அணைக்குக் கீழே மேற்குப் பக்கம், இடுக்கி மலைச் சரிவில் குடியிருப்பவனுக்கு அதே ஆறு அடி ராத்தூக்கத்தைக் கெடுக்கிற சமாசாரம். நீதிமன்றம் அணை பலமாக இருக்கிறது என்று சொன்னது அவன் தலைக்குத் தெரியும். மழை இரவில் வயிற்றுக்குத் தெரியுமா? நிம்மதியாக ஓர் இரவு தூங்குவதும் அன்றாட இன்பந்தான். அதற்கும் யாரோ ஒருவர் பொறுப்பாக அணையைப் பராமரித்துக் காட்டியாக வேண்டும். வெறும் மனத்தைக் கொண்டு அவனும் தூங்க முடியாது.

சரி, பிரசங்கியார் சொன்ன ரயில் ஜன்னலுக்கு வருவோம். மற்ற ஊர்களில் எப்படியோ, தேனியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல அவருக்கு எப்படித் துணிவு வந்தது என்று நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை தொண்ணூறு கிலோமீட்டர் ரயில் பாதை 1928இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1950களில், மறுபடியும் போட்டார்கள். 2010ஆம் ஆண்டின் கடைசியில் அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று சொல்லி நிறுத்தினார்கள். நிறுத்தியதில் குற்றம் இல்லை. அகலப் பாதை வேண்டியதுதான். ஆனால் தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே 26இல். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15இல். 2010 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தேனிக் குழந்தை, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மாதத்தில்தான் தன் ஊர் ரயிலைப் பார்த்தது. பள்ளிப் பருவம் முழுவதும் அதற்கு ஜன்னல் ஓரம் என்றால் பஸ் ஜன்னல்தான்.

ரயில் வந்த அன்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பூவைத் தூவினார்கள். கிழவிகள் பெட்டியைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டதாக என் உறவுக்காரப் பெண் சொன்னாள். இதைக் கேட்டுவிட்டு என் நண்பர் ஒருவர், மெத்தப் படித்தவர், “பதினோரு வருஷம் தாமதமாக வந்த ரயிலுக்குப் பூ வேறேயா? இந்த ஜனங்கள் உருப்படவே மாட்டார்கள்” என்றார். அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன். அந்தப் பூ இலாகாவுக்குப் போட்ட பூ என்று அவர் எப்படி முடிவு கட்டினார்? மனுக் கொடுத்து, கேட்டு, மறுபடி கேட்டு, நடுவில் செத்துப் போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள், தங்கள் பொறுமைக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மாலை என்று ஏன் இருக்கக்கூடாது? சந்தோஷப்பட அவர்களுக்கு முழுப் பாத்தியதை உண்டு. அந்தச் சந்தோஷத்தைக் காட்டி, ‘பார்த்தீர்களா, ஜனங்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள்’ என்று கணக்கை மூட மற்றவர்களுக்குத்தான் பாத்தியதை கிடையாது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. காப்பியை ஆறவைத்துவிட்டுப் போய்விட்டார்.

காப்பி என்றதும் நினைவு வருகிறது. விடியற்காலைக் காப்பி எனக்கும் பிடிக்கும். அது கிடைக்காத நாளில் ஒரு வரி எழுத ஓடாது. ஆகவே நான் சின்ன இன்பங்களுக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவற்றை விட்டால் நாவல் எழுதுகிறவனுக்கு வேறு முதல் ஏது? என் சண்டையெல்லாம், அவை வானத்திலிருந்து இலவசமாக உதிர்கின்றன என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களோடுதான்.

போடியில் ஒருநாள் விடியற்காலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். இன்னும் இருட்டு விலகவில்லை. டீக்கடை வாசலில், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள், தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நின்றார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியாலும் இப்படித் தினம் தினம் ஜீப் ஏறிக் கேரளத்து மலைத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்குகிறவர்கள். ஜீப் வந்தது. அதில் எத்தனை பேர் ஏறலாமோ அதைப்போல இரண்டு மடங்கு பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறிய ஒருத்தி, நாற்பது வயது இருக்கலாம், ஓரத்தில் எப்படியோ ஒண்டி உட்கார்ந்துவிட்டாள். கடையில் நின்ற பெரியவரைப் பார்த்து, “இன்னைக்கு உக்கார எடம் கெடச்சிருச்சுண்ணே!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது. அந்த ஒரு சிரிப்பை வைத்து ஒரு கதை எழுதிவிடலாம் என்றுகூட அந்த நிமிஷம் நினைத்தேன்.

ஜீப் வளைவில் மறைந்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில், உட்கார இடம் கிடைப்பது ஒரு பெண்ணுக்கு வெற்றியாக இருக்கிறது. மற்ற நாட்களில் அவள் எப்படிப் போகிறாள்? அந்த ஜீப்புகள் கவிழ்ந்து எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கிறது. இதையும் பிரசங்கியார் தம் பட்டியலில் சேர்ப்பாரா? சேர்ப்பார். ‘பாருங்கள், ஓர் ஏழைப் பெண், உட்கார இடம் கிடைத்ததற்கே எவ்வளவு மகிழ்கிறாள்!’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆட்களை ஏற்றிப் போகிற காண்டிராக்டருக்கும், தோட்டத்து முதலாளிக்கும், வண்டியை நிறுத்திப் பார்க்காத அதிகாரிக்கும் இதைவிட இனிமையான பிரசங்கம் ஏது? இன்னொரு ஜீப் விட வேண்டாம். அவளை மகிழச் சொன்னால் போயிற்று.

நான் அந்தக் கதையை எழுதவில்லை. எழுதினால் சிரிப்போடு முடிக்க ஆசை வரும் என்று பயந்தேன்.

கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிரசங்கியார் முடித்த பிறகு, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் தலைவர். நான் பெரியவரைத் தொட்டு, “நீங்கள் சொன்னதை எழுந்து கேளுங்களேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நேரமாச்சுங்கய்யா. ராத்திரி எனக்கு முறைத் தண்ணி. பத்து மணிக்கு மடையில நிக்கலேன்னா அடுத்தவன் வயலுக்குத் திருப்பிருவாங்க” என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார். மேடையில் நன்றி நவிலல் ஆரம்பமாகியிருந்தது.