மூன்று சீக்கு, ஒரே பெயர்

மிளகு வேறு, மிளகாய் வேறு என்பது நம் வீட்டுச் சிறு குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘பெப்பர்’ என்ற ஒரே பெயர்தான். மிளகு விளையும் நாட்டைத் தேடி 1492-இல் கப்பலேறிய கொலம்பஸ், வழி மாறி அமெரிக்கத் தீவுகளில் இறங்கினான். அங்கே காரமாக ஒரு காயைக் கண்டதும் அதற்கும் மிளகின் பெயரையே சூட்டிவிட்டான். பிற்பாடு போர்த்துகீசியர் அந்தக் காயை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தபோது, நம்மவர்கள் மிளகோடு ‘காய்’ என்ற சொல்லைச் சேர்த்து, குழப்பத்துக்கு இடமில்லாமல் செய்துகொண்டார்கள். இதற்காக நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் செடிக்கு வரும் வியாதி விஷயத்தில் நம் சாமர்த்தியம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. இலை சுருண்டால் ‘சுருட்டை’, அவ்வளவுதான். பேன் கடித்தாலும் சுருட்டை, சிலந்தி கடித்தாலும் சுருட்டை, வைரஸ் தாக்கினாலும் சுருட்டை. காரணம் மூன்று, பரிகாரம் மூன்று. பெயர் மட்டும் ஒன்று. இந்த ஒற்றைப் பெயரினால் குடியானவனுடைய பணம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சென்ற மாசி மாதத்தில் பாகூர்ப் பக்கம் போயிருந்தபோது நேரில் கண்டோம்.

வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சேர்ந்த கொம்யூன்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954-இல் போயிற்று. ‘கொம்யூன்’ என்ற சொல் மாத்திரம் போகாமல் தங்கிவிட்டது. ஒன்றில் ஊசுட்டேரி, மற்றொன்றில் பாகூர் ஏரி. நெல்லும் கரும்பும் பிரதானமானாலும், கத்திரி, வெண்டை, மிளகாய் என்று கொல்லைப் பயிர் செய்து அன்றாடச் செலவை நடத்துகிற சிறு குடும்பங்கள் இங்கே அநேகம்.

அப்படிப்பட்ட குடும்பத்துப் பெரியவர் ஒருவர் முப்பது குழியில் மிளகாய் வைத்திருந்தார். நம்மையும், உடன் வந்த விவசாயப் பட்டதாரியான நண்பரையும் வரப்பிலேயே நிறுத்தி, “பாருங்க தம்பி, பாதிக் கொல்லை சுருட்டை. மூணு தரம் மருந்து அடிச்சாச்சு, ஒண்ணும் கேக்கலே” என்றார். மருந்துக்கடையில், “பூச்சிதான், இன்னும் அடியுங்கள்” என்றார்களாம். அண்டை நிலத்துக்காரரோ, “வைரஸ் வந்தாச்சு, உழுதுவிடும்” என்றாராம். மூன்றாம் மருந்துக்கு மருமகளுடைய வளையல் அடகுக்குப் போயிருந்தது.

நண்பர் பையிலிருந்து ஒரு சிறு பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணக் கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு அவர் செய்த பரிசோதனையை நேயர்களுக்கு அப்படியே சொல்லிவிடுகிறோம். புழக்கடையில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கும் உபயோகப்படும்.

முதலில் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை தோணி போல் குழிந்து, அடிப்பக்கம் சுரண்டியது போலப் பளபளத்தோ பழுப்பேறியோ இருந்தால் அது இலைப்பேனின் வேலை. ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் கொழுந்தைத் தட்டினால், ஊசிமுனை போன்ற மெலிந்த பூச்சிகள் ஓடுவது தெரியும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணி போல் ஆகி, இலை குறுகிக் காம்பு மட்டும் எலிவால் போல் நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்தி. சிலந்தி என்றதும் மூலையில் வலை பின்னும் பிராணியை நினைக்க வேண்டாம். இது வெறும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். கொழுந்தின் அடியில் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தரிசனம் தரும்.

மூன்றாவதுதான் அசல் வைரஸ் சுருட்டை. இதைப் பரப்புவது வெள்ளை ஈ. இலை சிறுத்துச் சுருண்டு, நரம்புகள் தடித்து, நரம்புகளுக்கு இடையே மேடிட்டு வெளிறிப்போகும். கணுக்கள் நெருங்கிச் செடியே குட்டையாகி, நுனியில் இலைகள் கொத்தாகக் கூடும். பூ குறையும், காய்த்தாலும் காய் கோணும். ஆரம்பத்தில் இது வயலில் திட்டாகப் பரவாமல், நல்ல செடிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றுவது வழக்கம்.

வெள்ளை ஈ அன்றி அசுவினிப் பூச்சி கொண்டுவரும் வைரஸ் ஒன்றும் உண்டு. அதில் சுருட்டையைவிடத் தேமல்தான் முக்கியம். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும். இன்னொரு ஏமாற்று வித்தையும் இந்தப் பிரதேசத்தில் நடக்கக்கூடியது. பக்கத்து நெல் வயலிலோ கரும்பிலோ அடித்த ‘2,4-டி’ என்ற களைக்கொல்லி காற்றில் மிதந்து வந்து மிளகாய் மேல் பட்டாலும் இலை நாடா போல் முறுக்கிக்கொள்ளும். ஆகவே, அண்டை வயலில் சமீபத்தில் என்ன தெளித்தார்கள் என்று விசாரிப்பதும் பரிசோதனையில் சேர்ந்ததே.

பெரியவருடைய கொல்லையில் வடக்கு மூலை முழுவதும் கவிழ்ந்த தோணிகளாயிருந்தன. கண்ணாடியில் பார்த்தால் சிலந்தி மொய்க்கிறது! பூச்சிக்கென்று அடித்த மருந்து சிலந்தியைத் தொடவில்லை. அதைத் தின்று வாழும் நல்ல உயிர்களைத்தான் கொன்று தீர்த்திருந்தது. மற்ற இடத்தில் தனித்தனியாக நாற்பது செடிகள் மட்டும் குட்டையாய், நரம்பு தடித்து நின்றன. கடைக்காரர் சொன்னதும் அண்டை நிலத்துக்காரர் சொன்னதும் ஆளுக்குக் கால்வாசி சரி!

“சிலந்திக்கு நனையும் கந்தகம் தெளியுங்கள், அளவை உழவர் உதவியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமான செடிகளில் துணியைக் கட்டி அடையாளம் வைத்து, புதுத் துளிரைக் கவனியுங்கள்” என்றார் நண்பர். இது மிக எளிய சோதனை. பேனோ சிலந்தியோ ஒழிந்தால், சுருண்ட இலை நிமிராவிட்டாலும் அடுத்து வரும் துளிர் நேராக வரும். வைரஸ் புகுந்த செடியில் துளிரும் சுருண்டே வரும். பதினைந்து நாளில் பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார்: வடக்கு மூலை துளிர்த்துவிட்டது, துணி கட்டிய செடிகளில் பெரும்பாலானவை துளிரும் சுருண்டே வந்ததால் அவற்றைப் பிடுங்கிப் புதைத்துவிட்டாராம். வளையல் இன்னும் மீளவில்லை. ஆனால் நான்காம் மருந்து வாங்கவில்லை என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்து உண்டா? இல்லை. யார் புட்டியைக் காட்டி ‘உண்டு’ என்றாலும் நம்ப வேண்டாம். மருந்து கொல்லக்கூடியது கொண்டுவரும் பூச்சியை மாத்திரமே. அதிலும் அசுவினி, சில விநாடி குத்தினாலே தேமலைத் தொற்ற வைத்துவிடும். மருந்தில் அது சாவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ஆகையால் வருமுன் காப்பதுதான் வழி. நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடுவது. கொல்லையைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்து வேலியாக்குவது. பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிட்டு வெள்ளை ஈயின் வரவை அறிவது. வரப்புக் களைகளை நீக்குவது. நோய் கண்ட செடியை இளமையிலேயே பிடுங்குவது. எல்லாம் கைவேலை; வளையலை அடகு வைக்க வேண்டியதில்லை.

வைரஸ் என்பதே முதன்முதலில் ஒரு செடியின் தேமலில்தான் அகப்பட்டது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். புகையிலைச் செடியின் தேமலை ஆராய்ந்த ருஷ்யாவின் ஐவனாவ்ஸ்கி, பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் அந்த நோய்ச் சாறு தாண்டிச் செல்வதை 1892-இல் கண்டார். 1898-இல் ஹாலந்தின் பையரிங்க், இது புதுவகைத் தொற்று என்றார். அதே புகையிலை வைரஸ் மிளகாயையும் தாக்கக் கூடியது. உலர்ந்த புகையிலையிலும் நெடுநாள் உயிர்ப்போடிருந்து கைவழியே பரவும். எனவே பீடியும் மூக்குப்பொடியும் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடலாகாது. பாட்டிமார் சொல்லும் ஆசாரம் இந்த இடத்தில் சயன்ஸோடு கைகோத்துக்கொள்கிறது!

தேசம் முழுவதற்கும் இது சிறிய விஷயமல்ல. 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும், வெளிநாட்டிலிருந்து வந்து புகுந்த ஒருவகைப் பேன் மிளகாய்ப் பூக்களில் குடியேறிப் பெருநாசம் விளைவித்தது. வந்தவன் யார் என்று சீக்கிரம் அடையாளம் காண்பதே பாதிப் போர்.

இதில் புதுச்சேரிக்கு ஒரு கௌரவமும் உண்டு. குடியானவர்களுக்கு நிலத்திலேயே சாஸ்திரத்தைக் கற்பிக்கும் வேளாண் அறிவியல் நிலையம் இந்தியாவிலேயே முதன்முதலாக 1974-இல் தோன்றியது இங்கேதான். வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ளவர்கள் குரும்பாபேட்டில் உள்ள அந்த நிலையத்துக்கு ஒரு நோயுற்ற கிளையைக் கொண்டுபோய்க் காட்டலாம். கண்ணால் தீராத சந்தேகத்தைத் தீர்க்க, வைரஸின் மரபுப் பொருளையே தேடிக் காணும் பரிசோதனைகள் இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கின்றன.

நமக்கென்ன, நாம் பட்டணவாசிகள்தானே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். வீணாக அடித்த மருந்து கொல்லையோடு நிற்பதில்லை. பச்சை மிளகாயின் மேல் ஏறி நம் வீட்டுத் தாளிதக் கரண்டிக்கும் வந்து சேரக்கூடும். கிராமத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் அன்பர்கள், அடுத்த முறை குத்தகைப் பணம் வாங்கப் போகும்போது ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போகட்டும். குத்தகைக்காரருக்கு அது ஒரு புட்டி மருந்தைவிடப் பெரிய வெகுமதி.